பாரிஸைப் பிடித்த சுவரொட்டிப் பித்து

1895 ஜனவரி முதல் தேதி பாரிஸ் நகரத்துச் சுவர்களில் ஒரு புதிய போஸ்டர் ஏறியது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், முக்கால் மீட்டர் அகலம். அதில் ஆளுயரத்துக்கு ஒரு பெண் நிற்கிறாள். தலையில் பூக்கள், கையில் குருத்தோலை, தோளிலிருந்து தரைவரை சரியும் பொன் வேலைப்பாட்டு அங்கி. 'ஜிஸ்மோண்டா' நாடகத்துக்கான விளம்பரம் அது. நாயகி, பிரான்ஸே கொண்டாடிய சாரா பெர்னார். வரைந்தவர் அல்ஃபோன்ஸ் மூகா. மொராவியாவிலிருந்து வந்து புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர், அதுவரை ஊர் அறியாதவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் வேறு ஓவியர் யாரும் கைவசம் இல்லாததால், லெமெர்சியே அச்சகம் அவசரத்துக்கு அவரைப் பிடித்தது.

ஒட்டிய சில நாட்களிலேயே போஸ்டர்கள் காணாமல் போகத் தொடங்கின. மழையோ காற்றோ கொண்டுபோகவில்லை, மனிதர்கள்தான் கொண்டுபோனார்கள். சிலர் போஸ்டர் ஒட்டுகிறவரின் கையில் காசைத் திணித்து, சுவருக்குப் போகவேண்டிய தாளைச் சுருளாகவே வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் இரவில் வந்து சவரக் கத்தியால் ஓரத்தைக் கீறி உரித்தெடுத்தார்கள். பெர்னார் இந்தப் பசியைச் சட்டென்று புரிந்துகொண்டவர். மூகாவை ஆறாண்டு ஒப்பந்தத்தில் தன்னோடு நிறுத்திக்கொண்டதோடு, போஸ்டர் பிரதிகளைச் சேகரிப்பாளர்களுக்கு விற்கவும் செய்தார்.

தெருவில் ஒட்டிய படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசை அன்று பிறந்ததல்ல. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1891-ல், எழுத்தாளர் ஒக்தாவ் யுசான் அதைப் 'போஸ்டர் பித்து' என்று பெயரிட்டு எழுதிவிட்டார். இந்தப் பித்து ஏறத்தாழ பத்தாண்டுகள் பாரிஸை ஆட்டிவைத்தது. கலைச் சேகரிப்பு என்றாலே மாளிகையும் பிரபுவும் நினைவுக்கு வந்த காலம் அது. வாடகை அறையில் இருந்த ஒருவர் தன் காலத்தின் முதல்தர ஓவியர் ஒருவருடைய வண்ணப் படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடிந்தது, பெருமளவில், இந்தப் பத்தாண்டுகளில்தான்.

அதற்கு முன் சாதாரண வீட்டுச் சுவரில் என்ன இருந்தது? எப்பினால் என்ற ஊரிலிருந்து வந்த மலிவான மர அச்சுப் படங்கள் இருந்தன. புனிதர்கள், நெப்போலியன் போர்க்களங்கள், குழந்தைகளுக்கான படக்கதைகள் என்று நாடோடி வியாபாரிகள் கட்டுக்கட்டாகச் சுமந்து விற்றார்கள். எண்ணெய் வண்ண ஓவியம் வேண்டுமானால் ஆண்டுக்கொருமுறை நடக்கும் 'சலோன்' கண்காட்சிக்குப் போகவேண்டும்; அங்கே தொங்கிய படங்களின் விலையும் அளவும் சாமானியரின் வீட்டுக்குப் பொருந்தாதவை. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த பெரிய வெற்றிடத்தைத்தான் தெரு நிரப்பியது.

நிரப்பியவர்களில் முதல்வர் ஜூல் ஷெரே. அச்சுக்கோக்கும் தொழிலாளியின் மகன். 1836-ல் பிறந்து பதின்மூன்று வயதில் கல்லச்சுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். பள்ளிப்படிப்பு அவ்வளவுதான். பிறகு லண்டனுக்குப் போய், வாசனைத் திரவிய வியாபாரி யூஜின் ரிம்மலின் ஆதரவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். 1866-ல் பாரிஸ் திரும்பியபோது, பெரிய தாள்களை அச்சிடக்கூடிய ஆங்கிலேய இயந்திரங்களைத் தருவித்துச் சொந்தமாக அச்சகம் தொடங்கினார். அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்டர்கள் அவர் கையிலிருந்து வந்தன. நாடகம், சர்க்கஸ், மதுபானம், விளக்கு எரிக்கும் எண்ணெய், இருமல் மாத்திரை எதுவானாலும், மஞ்சள் ஒளியில் மிதந்து சிரிக்கும் ஒரு பெண் அதை விற்றாள்.

அந்த வேலை நடந்த விதத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். பவேரியாவின் சோல்ன்ஹோஃபனில் வெட்டியெடுத்த, மழமழவென்று தேய்த்த சுண்ணாம்புக் கல். அதன்மேல் கொழுப்புக் கலந்த கட்டியாலோ மையாலோ ஓவியர் நேரடியாக வரைகிறார், இடவலம் மாற்றி. கல்லுக்கு அமிலமும் பசையும் பூசிப் பக்குவப்படுத்தி, தண்ணீரால் நனைத்து, மை உருளையை ஓட்டினால், கோடுள்ள இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஈரமுள்ள இடம் மையைத் தள்ளிவிடும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். தாள் ஒரு மயிரிழை விலகினாலும் உதடு கன்னத்துக்குப் போய்விடும். ஷெரே கறுப்புக் கோட்டுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், பின்னணிக்கு ஒரு கல் என்று சிக்கனமாக வைத்துக்கொண்டார். அந்தப் பின்னணிக் கல்லில்தான் அவருடைய கைவித்தை இருந்தது. மேலே நீலம், கீழே மஞ்சள் என்று இரண்டு மைகளை ஒரே உருளையில் கலந்து ஓட்டி, தாளில் ஒரு விடியலையே கொண்டுவந்தார்.

இப்படி அச்சான ஒவ்வொரு தாளும் ஓவியர் கல்லில் வரைந்த கோட்டின் நேரடிப் பதிவு. எங்கோ இருக்கும் மூல ஓவியத்தைப் பார்த்து வேறு யாரோ எடுத்த நகல் அல்ல. கல்தான் மூலம், தாள்கள் அதன் பிள்ளைகள். சேகரிப்பாளர்கள் இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் வியாபாரம் பிறந்தது.

நகரமும் அதற்குத் தயாராக இருந்தது. அரசு அதிகாரி ஒஸ்மான் பாரிஸை இடித்துக் கட்டியதில் அகன்ற வீதிகளும், நீண்ட மொட்டைச் சுவர்களும், கட்டட வேலை நடக்கும் இடங்களைச் சுற்றிப் பலகைத் தட்டிகளும் மலிந்தன. 1868-ல் கப்ரியேல் மோரீஸ் என்ற அச்சக உரிமையாளர் விளம்பரத் தூண்களுக்கு உரிமம் பெற்றார். பச்சை வண்ணமும் மேலே குமிழ்க் கூரையுமாக நிற்கும் மோரீஸ் தூண்கள் இன்றும் பாரிஸின் அடையாளம். 1881 ஜூலை 29-ல் வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் போஸ்டருக்கும் கதவைத் திறந்துவிட்டது. அந்தச் சட்டம் பிரெஞ்சுக் காலனிகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருந்ததால், புதுச்சேரியும் அதன் வளையத்துக்குள் வந்தது. ஒட்டக்கூடாத இடங்களில் 'விளம்பரம் ஒட்டத் தடை, 1881 ஜூலை 29 சட்டம்' என்று எழுத்து வெட்டிய தகடு வைத்து எழுதிய எழுத்துகளைப் பாரிஸின் பழைய சுவர்களில் இன்றும் பார்க்கலாம். நம்மூர்ச் சுவர்களின் 'விளம்பரம் செய்யாதீர்' போல, தடையே அந்தப் பழக்கத்தின் வேகத்துக்குச் சாட்சி.

முதலில் மதிப்பை உணர்ந்தவர்கள் எழுத்தாளர்களும் ஓவியர்களும். நாவலாசிரியர் உய்ஸ்மான்ஸ், சலோன் கண்காட்சி விமரிசனம் எழுதும்போதே, அங்கே தொங்கும் பெரும்பாலான ஓவியங்களைவிட வெளியே ஷெரேயின் சிறு போஸ்டரில் திறமை அதிகம் என்று துணிந்து எழுதினார். புள்ளிகளால் வரைந்த ஜார்ஜ் சேரா, ஷெரேயின் போஸ்டர்களைச் சேகரித்தார். சேராவின் கடைசிக்காலச் சர்க்கஸ், நடன ஓவியங்களில் அந்தத் தெருத் துள்ளல் அப்படியே தெரிகிறது. 1884-ல் எர்னெஸ்ட் மேந்த்ரோன் போஸ்டர்களின் வரலாற்றை ஒரு கலைப் பத்திரிகையில் எழுதினார். இரண்டே ஆண்டில் அது படங்களோடு தனிப் புத்தகமாக விரிந்தது. ஐஃபல் கோபுரம் எழுந்த 1889 உலகக் கண்காட்சியில் போஸ்டர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு அரசு ஷெரேக்கு 'லெஜியோன் தொனர்' விருது கொடுத்தது. பதின்மூன்று வயதில் கல் தேய்க்கப் போன பையனுக்கு நாட்டின் உயரிய விருது. அதற்குள் சேகரிப்பாளர்களின் கூட்டமும் பெருகிவிட்டது.

கடை வைத்தவர்களில் முக்கியமானவர் எட்மோன் சாகோ. அச்சுப்படங்களும் புத்தகங்களும் விற்றுக்கொண்டிருந்தவர், போஸ்டருக்கு ஆள் தேடி வருவதைக் கண்டு அதையே பெரிய கிளையாக வளர்த்தார். 1891-ல் அவர் வெளியிட்ட விலைப்பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்டர்கள் இருந்தன. ஐந்து பிராங்குக்குள் கிடைத்தவை ஏராளம். பாரிஸில் கைத்தொழில் தெரிந்த ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி அந்த அளவில்தான் இருந்தது. கிளைன்மான், அர்னூல் போன்ற மற்ற வியாபாரிகளும் சேர்ந்துகொண்டார்கள். அச்சகத்தோடு பேசி, சுவருக்குப் போகும் தாளோடு கூடவே சில நூறு பிரதிகளைக் கடைக்கென்று தனியாக எடுத்துவைப்பது வழக்கமானது. அவற்றில் சில, எழுத்துகள் சேர்ப்பதற்கு முன் எடுத்தவை. சில, நல்ல ஜப்பானியத் தாளில் அச்சிட்டவை. சிலவற்றில் ஓவியரின் கையெழுத்தும் வரிசை எண்ணும் இருந்தன. இன்று லண்டனிலோ நியூயார்க்கிலோ தெரு ஓவியரின் அச்சுப்படத்தைப் பென்சில் எண்ணோடு வாங்குகிறவர் கடைப்பிடிக்கும் சடங்குகள் பலவும் அப்போதே அங்கே நடைமுறையில் இருந்தன.

காசு கொடுக்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. அராஜகவாதப் பத்திரிகையான 'பெர் பெனார்'-ல் 1893-ல் ஃபெலிக்ஸ் ஃபெனெயோன் தொழிலாளர்களின் கொச்சை மொழியிலேயே எழுதினார்: கண்காட்சிக் கூடங்களில் காசு கொடுத்து நுழைவானேன், தெருவே ஆண்டு முழுக்க இலவசக் கண்காட்சி, ஓவியர் லோத்ரெக்கையும் ஷெரேயையும் சுவரிலிருந்து உரித்தெடுத்து வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். ஃபெனெயோன் பகலில் போர் அமைச்சகத்தில் எழுத்தர்; அடுத்த ஆண்டு, அராஜகவாதிகள் முப்பது பேர்மீது நடந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்று விடுதலையானவர். கலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டு, இவ்வளவு நடைமுறைக்கு ஏற்ற பதிலும் சொன்ன கலை விமரிசகர்கள் அரிது.

ஆனால் உரித்து எடுத்துக்கொண்டு போனவர் வீட்டில் எங்கே மாட்டுவார்?

லோத்ரெக்கின் முதல் போஸ்டரையே எடுத்துக்கொள்ளலாம். மூலன் ரூஜ் என்ற நடன அரங்குக்காக 1891 டிசம்பரில் ஒட்டப்பட்ட 'மூலன் ரூஜ்: லா கூலூ', ஏறத்தாழ மூவாயிரம் பிரதிகள். நடுவில் வெள்ளைப் பாவாடை சுழல ஆடுகிறாள் லா கூலூ. முன்னால் சாம்பல் நிழலாக அவளுடைய கூட்டாளி, எலும்பில்லாதவர் என்று பெயரெடுத்த வலந்தன். பின்னால் கறுப்பு நிழல்களாக வேடிக்கை பார்க்கும் கூட்டம், அதன் மேல் மிதக்கும் மஞ்சள் விளக்குகள். வண்ணம் நான்குதான். பல் துலக்கும் பிரஷ்ஷை மையில் தோய்த்துக் கல்மேல் தெறிக்கவிட்டுத் தூவானம்போல் நிழல் கொண்டுவருவது லோத்ரெக்கின் பழக்கம். உயரம் 1.9 மீட்டர், வரைந்தவரே ஒன்றரை மீட்டர் உயரம்தான். ஒரே தாளில் அடங்காததால் மூன்று தாள்களாக அச்சிட்டு ஒட்டவேண்டியிருந்தது. இன்று உலகில் எஞ்சியுள்ள பிரதிகள் பலவற்றில், எழுத்து மட்டும் உள்ள மேல் தாள் இல்லை.

அகன்ற வீதியில் குதிரை வண்டியில் போகிறவர் கண்ணைப் பிடிப்பதற்காகச் செய்த அளவு அது. பாரிஸின் ஆறாம் மாடியில், கூரைச் சரிவுக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருந்த மாணவருக்கும் எழுத்தருக்கும் அந்த அளவு கொள்ளாது. வசதியுள்ளவர்கள் மாடிப்படிச் சுவரிலும் புகைபிடிக்கும் அறையிலும் ஒட்டினார்கள். மடக்குத் தடுப்பின் பலகைகளில் ஒட்டி அறைக்குள் நிறுத்தியவர்களும் உண்டு. மற்றவர்கள் மடித்துப் பெரிய அட்டை உறைகளில் வைத்து, நண்பர்கள் வரும்போது தரையில் விரித்துப் பார்த்தார்கள். நூற்றாண்டு கடந்து நம் கைக்கு வந்திருக்கும் போஸ்டர்களின் மடிப்புக்கோடுகள் பல, இப்படிச் சிறிய அறைகளில் பெட்டிக்குள் வாழ்ந்ததன் தழும்புகள்.

இதன்பின் நடந்ததுதான் இந்த வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. இதுவரை வீடு தெருவைத் தேடிப் போயிற்று. இப்போது தெருப்படம் வீட்டுக்கேற்ப உடம்பைக் குறுக்கிக்கொள்ளத் தொடங்கியது.

தொடங்கிவைத்தவரும் ஷெரேதான். 1891-ல் இசை, நடனம், நகைச்சுவை நாடகம், ஊமை நாடகம் என்று நான்கு படங்களை வெளியிட்டார். போஸ்டரின் அதே கல், அதே துள்ளும் பெண். ஆனால் எதையும் விற்கும் எழுத்து ஒன்றுகூட இல்லை. வீட்டுச் சுவருக்கென்றே செய்த அலங்காரப் படங்கள். 1896-ல் மூகா இதை இன்னும் நுட்பமாக்கினார். ஷாம்ப்னுவா அச்சகத்துக்காக அவர் வரைந்த 'பருவங்கள்' நான்கு ஒடுங்கிய நெடும் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உயரம், அரை மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலம். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே, கதவுக்கும் அலமாரிக்கும் நடுவே என்று பாரிஸின் நெருக்கமான அறைகளில் மிஞ்சும் இடம் எதுவோ அதற்குப் பொருந்தும் வடிவம். தாளிலும் கிடைத்தது, சாட்டின் துணியிலும் கிடைத்தது. ஷாம்ப்னுவா அதே படங்களை நாட்காட்டியாகவும் அஞ்சலட்டையாகவும் உருமாற்றி இன்னும் கீழே கொண்டுபோனார். மூகாவுக்கு இது உறுத்தவில்லை. மூடிய மாளிகைக் கூடங்களுக்காக அல்லாமல் மக்களுக்காக வரைவதில், ஏழை வீட்டுக்கும் தன் படம் போவதில், தனக்கு மகிழ்ச்சி என்றே அவர் சொல்லிவந்தார்.

பியர் பொன்னார் வேறொரு திசையில் யோசித்தார். லோத்ரெக்குக்கும் முன்பே 'பிரான்ஸ் ஷாம்பெய்ன்' போஸ்டரால் பெயர் பெற்றவர் அவர். லோத்ரெக்கைக் கல்லச்சின் பக்கம் இழுத்ததே அந்தப் போஸ்டர்தான். தொண்ணூறுகளின் நடுவில், நான்கு பலகை கொண்ட ஒரு மடக்குத் தடுப்பையே கல்லச்சில் செய்தார். மேலே குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, கீழே ஆயாக்களும் வளையம் உருட்டும் குழந்தைகளும், நடுவில் நிறைய வெற்றுவெளி. மொத்தம் 110 பிரதிகள். தெருவில் கிடைத்த தாளை வாங்கியவர்கள் தடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், தெருக் காட்சியையே தடுப்பாக அச்சிட்டுத் தந்தார். விரித்தால் ஓவியம், மடக்கினால் சுவரோரம் அடங்கிவிடும்.

எல்லாவற்றையும் மிஞ்சியது 'போஸ்டர் மேதைகள்' என்ற பொருள்படும் பெயரில் வந்த மாதத் தொகுப்பு. 1895 டிசம்பரில் தொடங்கி 1900 நவம்பர் வரை அறுபது மாதம், மாதம் நான்கு படங்கள் சந்தாதாரர் வீட்டுக்கு வந்தன. அவ்வப்போது சேர்த்த பதினாறு சிறப்புப் படங்களோடு மொத்தம் 256. ஓவியர்கள் 97 பேர். இரண்டு மீட்டர் போஸ்டரைக் கண்ணாடியில் பார்த்துச் சுருக்கியதுபோல், 29-க்கு 40 சென்டிமீட்டர் தாளில், வண்ணக் கல்லச்சிலேயே மறுபடி அச்சிட்டார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் படம் ஷெரேயுடையது. தாளின் கீழ் மூலையில் மையில்லாமல் அழுத்திய ஒரு வட்ட முத்திரை. விரலால் தடவினால்தான் தெரியும். ஒரு நகரத்தின் சுவர்கள் முழுவதும் ஐந்து ஆண்டில் ஒரு புத்தக அலமாரிக்குள் வந்துசேர்ந்தன. முன்னுரைகள் எழுதிய விமரிசகர் ரோஜே மார்க்ஸ், போஸ்டர்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் வேண்டும் என்று வாதாடினார்.

இந்த ஏற்பாட்டில் இழப்பும் உண்டு; அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வீட்டுக்கென்று அச்சிட்ட சுத்தமான பிரதியில் தெரு இல்லை. சுவரில் ஒட்டும் போஸ்டருக்கு அளவைப் பொறுத்து வரி கட்டவேண்டியிருந்தது. கட்டியதற்கு அடையாளமாகச் சிறு வரிவில்லை ஒட்டப்படும். அந்த வில்லை உள்ள தாள் உண்மையாகவே வெயிலையும் மழையையும் பார்த்த தாள். ஓரத்தில் மாவுப் பசையின் பழுப்பு, உரித்தபோது விழுந்த கிழிசல், பின்னால் யாரோ பொறுமையாக லினன் துணி வைத்துச் சேர்த்த ஒட்டு. கடைக்காரரின் அலமாரியிலிருந்து நேராக வந்த பளபளப்பான பிரதிக்குச் சந்தையில் விலை கூட. ஆனால் வரலாறு அதிகம் தங்கியிருப்பது கிழிசல் உள்ள தாளில்தான்.

எதிர்ப்பும் எழுந்தது. 1896-ல் மோரீஸ் தல்மேயர் என்ற எழுத்தாளர், போஸ்டரின் யுகத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையில் எச்சரித்தார். பழைய கலை நிலைத்து நின்றது, கோயிலிலும் கோட்டையிலும் பக்தியையும் கடமையையும் பேசியது. போஸ்டரோ தினமும் மாறி, தெருவில் போகிற எல்லோர் காதிலும் ஆசையை மட்டும் ஓதுகிறது என்பது அவர் கவலை. அவருடைய பழமைவாதத்தை ஏற்காதவர்களாலும், போஸ்டரின் சக்தியை அவர் சரியாக எடைபோட்டார் என்பதை மறுக்க முடியாது. விளம்பரமும் கலையும் ஒரே தாளில் குடியிருப்பதன் சங்கடம் அன்றைக்கே தெரிந்திருந்தது. வாங்கியவர்கள் எழுத்தில்லாப் பிரதியைத் தேடியதிலும் அந்தச் சங்கடத்தின் சாயல் உண்டு.

தேடித் திரிந்தவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லி நினைக்கவேண்டும். குஸ்தாவ் துத்தாயி தாவரவியல் அறிஞர். ஓத்-மார்ன் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். ஷெரே, லோத்ரெக், ஸ்தைன்லென், பொன்னார் என்று தேடித்தேடி ஏறத்தாழ ஐயாயிரம் போஸ்டர்களைச் சேர்த்தார். 1906-ல் அவர் இறந்தபின் அந்தக் குவியல் முழுவதும் ஷோமோன் என்ற சிறிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. 1990 முதல் அதே ஊரில் சர்வதேசப் போஸ்டர் விழா நடக்கத் தொடங்கியது. இன்று அங்கே தேசிய வரைகலை மையமும் இருக்கிறது. பாரிஸில் ரோஜே மார்க்ஸ் கேட்ட போஸ்டர் அருங்காட்சியகம் 1978-ல்தான் திறந்தது. அத்தனை காலம் அந்தத் தாள்களைக் காப்பாற்றியவர்களில் அரசைவிட ஐந்து பிராங்கு கொடுத்து வாங்கியவர்களும், ஒட்டுகிறவரிடம் பேரம் பேசியவர்களும், கத்தியோடு போனவர்களுமே அதிகம். தெருவிலேயே விட்டிருந்தால் அடுத்த வாரம் அதன்மேல் வேறொரு போஸ்டர் ஏறியிருக்கும்.

1900-க்குப் பிறகு பித்து தணிந்தது. ஷெரே போஸ்டரைக் குறைத்துக்கொண்டு சுவரோவியங்களின் பக்கம் போனார். லோத்ரெக் 1901-ல், முப்பத்தேழு வயதுகூட முடியாமல், இறந்தார். மூகா 1904-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். எட்மோன் சாகோவின் சகோதரர் க்ளோவிஸ், அப்போது வாங்க ஆளில்லாமல் இருந்த பிக்காசோ என்ற இளைஞரின் படங்களை விற்கத் தொடங்கியிருந்தார்.

இதே தொண்ணூறுகளில், இதே வண்ணக் கல்லச்சு, இந்தியாவிலும் வீட்டுச் சுவரைப் பிடித்தது. 1894-ல் ராஜா ரவி வர்மா பம்பாயில் ஜெர்மன் இயந்திரங்களோடும் தொழில்நுட்பர்களோடும் அச்சகம் தொடங்கினார். அங்கிருந்து புறப்பட்ட லட்சுமியும் சரஸ்வதியும் ஒற்றை அறை வீடுகளின் பூஜை மாடம்வரை போனார்கள். அங்கே நடனக்காரி, இங்கே தெய்வம். நாட்டியமும் நம்பிக்கையும் வேறு. ஆனால் கல்லும் உருளையும் ஒன்றே, நெருக்கமான அறையில் ஒரு வண்ணப் படம் வேண்டும் என்ற ஆசையும் ஒன்றே.

சவரக் கத்தி பாரிஸோடு நின்றுவிடவில்லை. 1980-ல் ஓவியர் கீத் ஹேரிங் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரக் காலம் முடிந்ததும் ஒட்டும் கறுப்புத் தாள்மேல் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வரைய ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் அவர் வரைந்து நகர்ந்ததும் ஆட்கள் தாளை வெட்டி எடுத்துப்போய் விற்றார்கள். 1985-ல் அவர் அந்த வேலையை நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். 1986-ல் நியூயார்க்கின் லஃபயெட் தெருவில் சட்டைகளும் போஸ்டர்களும் பொத்தான்களும் மலிவாக விற்கும் ஒரு கடை திறந்தார். ஓவியச் சந்தை அதைக் கேவலமாகப் பார்த்தது. மூகாவின் அஞ்சலட்டைகளை அறிந்தவர்களுக்கு அதில் கேவலம் எதுவும் தெரியாது.

பாரிஸ் போஸ்டர்கள் இப்போது உலகெங்கும் மறு அச்சாகத் தொங்குகின்றன. ஸ்தைன்லென் 1896-ல் வரைந்த கறுப்புப் பூனை இல்லாத காப்பிக் கடைகள் குறைவு. மூலத் தாளை வாங்க நினைப்பவர் கையில் எடுக்கவேண்டியது ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி. ஆஃப்செட்டில் அச்சிட்ட மறுபதிப்பில் வண்ணங்கள் சீரான சிறு புள்ளிகளாகப் பூப்போல வட்டமிட்டு நிற்கும். கல்லச்சில் அந்த ஒழுங்கு இராது. கல்லின் சொரசொரப்பில் கட்டி உராய்ந்த தடமும், தெறித்த மையின் ஒழுங்கற்ற துளிகளும் தெரியும், ஒரு வண்ணம் இன்னொன்றின்மேல் முழுதாகப் படிந்திருக்கும். 'போஸ்டர் மேதைகள்' தொகுப்பைப் பிரித்த தனித் தாள்கள் ஏலங்களிலும் அச்சுப்படக் கடைகளிலும் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. மூலையில் அந்த மையில்லா முத்திரை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குகிறார்கள். பெரிய போஸ்டருக்குக் கேட்கும் விலையில் ஒரு சிறு பங்குதான். சட்டமிட்டால், படுக்கைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உள்ள முழ இடத்தில் அடங்கும்.